சேலை போர்த்திய லேத்

சன்னலோரம் நீங்களே இருங்க அண்ணாச்சி, எனக்குக் காத்து ஆகாது. அந்தப் பையை மட்டும் இந்தப் பக்கம் கொஞ்சம் நவட்டிக்கிடுங்க. ஆங், போதும். திருநெவேலிக்கா? நானும் அங்கனதான்.

என்ன வேலையா? வாத்தியாரு. வாத்தியாருன்னதும் தமிழு, கணக்குன்னு நெனச்சிராதீங்க. தொழிற்கல்வி. மேல்நிலைப் பள்ளிக்கூடத்துல மெக்கானிக்கல் குரூப்புன்னு ஒண்ணு உண்டும்லா, பத்தாவதுல மார்க்கு கொறைஞ்ச பிள்ளைகளையெல்லாம் "போ, போயி ஸ்பேனர் பிடி"ன்னு தள்ளி விடுவாவளே, அந்தக் குரூப்பு. அதுக்கு நாந்தான். பேரு குற்றாலிங்கம். ஆனா எங்க ஊர்ல வந்து அந்தப் பேரைக் கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. "லேத் சார் வீடு எங்க?"ன்னு கேளுங்க, நண்டு சிண்டு கூட கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விடும்.

அப்பேர்ப்பட்ட பேரு. அதைத்தான் ஒரு பொம்பளைப் பிள்ளை கெடுத்துப்போட்டா. கேளுங்க, பஸ்சு போய்ச் சேர இன்னும் நேரம் கெடக்கு.

எங்க பள்ளிக்கூடத்துல ஒரு லேத் இருக்கு. லேத் பாத்திருப்பியள்லா? இரும்பைச் சுத்த விட்டு உளி வச்சுக் கடையிற மிசினு. லாரில வந்து எறங்குன அன்னைக்கு எப்படி இருந்துதோ, அப்படியே வச்சிருந்தேன். ஒரு கீறல் கெடையாது. ஒரு துரு கெடையாது. எங்க வீட்டுக்காரி பழைய சுங்குடிச் சேலையைத் தொவைச்சு மடிச்சுப் போர்த்தி விட்டிருப்பேன். காலைல போனதும் சேலையை எடுப்பேன், எண்ணெய்த் துணியால தொடைப்பேன், திரும்பப் போர்த்துவேன். ஆயுத பூசைக்கு சந்தனம், குங்குமம், மாலை. மத்தப் பள்ளிக்கூடத்துல போயிப் பாருங்க அண்ணாச்சி, லேத் கெடக்குற கெடையை. பிள்ளைக கண்டபடி ஓட்டி, உளியை ஒடைச்சு, தேய்ச்சு, பாக்கச் சகிக்காது. எங்க லேத் பத்தி அப்படி ஒரு வார்த்தை ஒருத்தன் சொல்ல முடியுமா?

ஓட்டினதில்லையான்னா கேக்கிய?

நல்லாக் கேட்டிய. ஓட்டாம இப்படி வச்சிருக்க முடியும்னு தெரிஞ்சபெறவு எதுக்கு ஓட்டணும்? எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு நெனைச்சிரப்பிடாது. அதெல்லாம் படிச்சுட்டுத்தான வந்திருக்கேன். லேத்தை எறக்கின அன்னைக்கு கம்பெனிக்காரன் ஒருத்தன் ஓட்டிக் காட்டினான். இரும்புச் சுருள் ஒண்ணு புகையப் புகையப் பறந்து வந்து எஞ் சட்டையில விழுந்துட்டு. ஓட்டை. புதுச் சட்டை, தீவாளிக்கு எடுத்தது. அதுல இருந்து நமக்கு எதுக்குன்னு இருந்துட்டேன். பயமெல்லாம் ஒண்ணும் கெடையாது. சட்டை புதுசு, அவ்வளவுதான்.

அப்ப பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் குடுத்தேன்னு கேட்டா, அதுலதான் இருக்கு விசயம். ஒரு சாக்பீசை எடுப்பேன். எடதுகை வெரல்ல பிடிச்சு உருட்டுவேன், வலதுகையில ஒரு ஆணி. உருட்ட உருட்ட ஆணியை வச்சுப் பைய அமுக்கினா சாக்பீசு படி படியாக் கடைஞ்சு வரும். "பாத்தியாலே, இதான் கடைசல்"னு சொல்லுவேன். வாயாலேயே மோட்டார் சத்தமும் குடுப்பேன். பக்கத்து கிளாஸ்ல இருந்து தமிழ் டீச்சர் வந்து, "சார், மிசினைக் கொஞ்சம் நிப்பாட்டுங்க"ன்னு சொல்லிட்டுப் போவாவ. அவ்வளவு தத்ரூபமா இருக்கும்.

செய்முறைப் பரீட்சைக்கு என்ன செய்வேன்னு நீங்க கேக்கணும், கேக்க மாட்டேங்கிய. ஒவ்வொரு பிள்ளையும் இரும்புல ஒரு ஜாப் கடைஞ்சு வெளியில இருந்து வாற பரீட்சை அதிகாரிகிட்டக் காட்டணும். ஜாப்புன்னா, ஒரு சாணு நீளத்துல இரும்பு உருளை, படி படியா, ஒரு முனையில மரை. நான் தென்காசில ஒரு பட்டறையில நல்லதாக் கொஞ்சம் கடையச் சொல்லி வாங்கி வச்சிருந்தேன். பரீட்சை அன்னைக்குப் பிள்ளைக கையில குடுப்பேன். முடிஞ்சதும் திரும்ப வாங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, தேங்காயெண்ணெய் தடவி, பேப்பர்ல சுத்தி வச்சிருவேன், அடுத்த வருசத்துக்கு. இதுல என்ன தப்பு இருக்கு? கல்யாணத்துக்கு எரவல் நகை போட்டுக்கிட்டு நிக்கலையா? போட்டோவுல அழகாத்தான இருக்கு? வாற அதிகாரியும் பாப்பாவ, "பிரமாதம்"பாவ, கொத்துப் பரோட்டாவும் சிக்கனும் சாப்பிடுவாவ, மார்க்கைப் போட்டுட்டுப் போவாவ. ஒரு கொறை கெடையாது.

இப்படி இருக்கும்போது போன வருசம் வந்து சேந்தா பிரம்மசக்தி.

மெக்கானிக்கல் குரூப்புல அதுவரைக்கும் பொம்பளைப் பிள்ளையே வந்ததில்ல. "ஏட்டி, ஒனக்கு எதுக்கு இது? சடை மிசின்ல மாட்டிக்கிடும்"னேன். மறுநாள் சடையைச் சுருட்டிக் கொண்டை போட்டு, அதுக்கு மேல ஒரு துணியை இறுக்கிக் கட்டிட்டு வந்து நின்னா. வந்த அன்னைக்கே சேலையைத் தூக்கிப் பாத்துட்டு ஒரு கேள்வி.

"சார், இது எப்ப ஓடும்?"

"ஓடும், ஓடும்."

மறுநாளும் அதே கேள்வி. அதுக்கு மறுநாளும். புளியங்காயைக் கண்ட பிள்ளை மாதிரி லேத்தையே பாத்துக்கிட்டு நிப்பா. தொணதொணப்புத் தாங்க மாட்டாம ஒருநாள் சொன்னேன், "மூணு பேஸ் கரண்டு வரலைட்டி. அது வந்தாத்தான் ஓடும்." அதோட விட்டுருவான்னு பாத்தேன். அவ சித்தப்பன் ஒருத்தன் வயர்மேனாம். எங்க பெரிய டீச்சர், அதான் தலைமை ஆசிரியை, அவுககிட்ட உத்தரவு வாங்கி, அவனைக் கூட்டிட்டு வந்துட்டா. அவன் ஒரு பல்பைத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு, "கரண்டெல்லாம் வருது, ஒரு பியூஸ் கட்டையைத்தான் காணும்"னான். காணுமா? நாந்தான் பத்திரமா இருக்கட்டும்னு கழட்டி பீரோவுல வச்சிருந்தேன். அவன் பாட்டுக்குப் புதுசா ஒண்ணைப் போட்டான். போட்டதோட போனானா, குரூப்புல உள்ள எட்டுப் பிள்ளையையும் சுத்தி நிக்க வச்சு கரண்டு எங்க வருது எங்க போகுதுன்னு ஒரு பாடம் வேற எடுத்துட்டுப் போனான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல!

"சார், இப்ப ஓடுமா?"

"பெல்ட்டு செத்துப் போச்சேட்டி."

அவ அம்மா மாவு மில்லுல வேலை பாக்கா. அது எனக்குத் தெரியுமா? ஒரு கயித்தைக் கொண்டு வந்து கப்பியைச் சுத்தி அளந்து பாத்து, அந்த அளவுக்கு மில்லுல இருந்து பெல்ட்டு வாங்கிட்டு வந்துட்டாளுவ. வந்துட்டானுவன்னு சொல்லணும், பயலுகளும் அவ பின்னாலேயே சுத்த ஆரம்பிச்சிட்டானுவ. பெல்ட்டை மாட்டத் தெரியாம ஒரு நாள் பூரா முழிச்சதுக, நான் வெளிய மரத்தடியில உக்காந்து சந்தோசமாப் பாத்துக்கிட்டு இருந்தேன். சாயங்காலம் மாட்டிருச்சுக.

"மோட்டார் எரிஞ்சு போயிருக்கு"ன்னேன். சவத்தெழவு, அதையும் கழட்டிருச்சுக! தள்ளுவண்டியில வச்சு, ஊரே பாக்க, தென்காசியில காயில் கட்டுற கடைக்குத் தள்ளிட்டுப் போகுதுக. கடைக்காரன் பாத்துட்டு, "மோட்டாருக்கு ஒண்ணுமில்லையே, கன்னி கழியாத மோட்டாரு"ன்னு சொல்லிச் சிரிச்சானாம். சிரிச்சிட்டு அனுப்ப வேண்டியதுதான? வந்ததுக்கு இதைக் கத்துக்கோங்கன்னு மோட்டாரைப் பிரிச்சுக் காட்டி, பழைய பேனுக்குக் காயில் கட்டவும் பழக்கி விட்டிருக்கான். அதுக்கப்புறம் எங்க தெருவுல பேன் நின்னா பிள்ளைகளைத்தான் கூப்பிடுதாவ. எங்க வீட்டு மிக்சியையும் அந்தப் பிள்ளைதான் சரி பண்ணிக் குடுத்தா. அது வேற கதை. மிக்சி நல்லாத்தான் ஓடுது.

தரை மட்டமா இல்லேன்னு நான் சொல்லிப் பாத்தேன். கொத்தனார்கிட்ட ரசமட்டம் எரவல் வாங்கிட்டு வந்து, காலுக்குத் தகடு குடுத்து நிறுத்திட்டா. என்ன பிள்ளை அண்ணாச்சி இது? ஒரு வாத்தியார் முடியாதுன்னு சொன்னா, சரின்னு கேட்டுக்கிடுறதுதான மரியாதை?

கடைசியா எனக்கு இருந்தது ஒண்ணே ஒண்ணுதான். சக்கு சாவி. இரும்பை இறுக்கிப் பிடிக்க ஒரு கிடுக்கி இருக்கும், அதை முடுக்குற சாவி. அது இல்லாம லேத்துல ஒரு ஈர்க்குச்சியைக் கூட மாட்ட முடியாது. அதை வீட்டுக்குக் கொண்டு போயி சாமி ரூம்புல, பிள்ளையாருக்குப் பின்னால வச்சுட்டேன். "சாவி தொலைஞ்சு போச்சு"ன்னேன். அன்னைக்குத்தான் அவ மொகம் வாடுச்சு. எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருந்துது. ஆனா ஒண்ணு, நிம்மதியாத் தூங்குனேன்.

இதுக்கெடையில இன்னொரு இடி. பெரிய டீச்சர், புஷ்பலீலான்னு பேரு, தங்கமான மனுசி, என்னைக் கூப்பிட்டு விட்டாவ.

"குற்றாலிங்கம் சார், ஒங்க குரூப்புல எட்டே எட்டுப் பிள்ளை. மேல இருந்து கேக்குறாங்க. இந்த வருசம் செய்முறைப் பரீட்சையில பிள்ளைங்க ஒழுங்காச் செய்யலேன்னா குரூப்பை மூடிருவாங்க."

"மூடட்டும் டீச்சர். என்னை வேற எங்கயாவது போடுவாங்க."

"ஒங்களைப் போடுவாங்க, சரி. லேத்தையும் வேற பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிட்டுப் போயிருவாங்களே."

எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. வேற பள்ளிக்கூடமா? அங்கன உள்ளவனுக்கு எங்க லேத்தோட அருமை தெரியுமா? சேலை போர்த்துவானா? எண்ணெய் போடுவானா? அங்க கொண்டு போனா என்ன செய்வாங்க தெரியுமா? ஓட்டுவாங்க அண்ணாச்சி, ஓட்டுவாங்க!

அதனால இந்தத் தடவை பரீட்சைக்குப் பலமா ஏற்பாடு செஞ்சேன். ஜாப்பை எல்லாம் பளபளன்னு தேய்ச்சு வச்சேன். பரோட்டாவுக்கு பதிலா பிரியாணின்னு சொல்லி விட்டேன். வந்தாவ ஒரு அதிகாரி, தளவாய்னு பேரு, கைல ஒரு சோத்து டப்பா. வீட்டுச் சாப்பாடாம். தயிர்ச்சோறு! நம்ம பிரியாணி இங்க செல்லாதுன்னு அப்பவே தெரிஞ்சு போச்சு.

மேசையில வரிசையா இருந்த ஜாப்புல ஒண்ணை எடுத்து வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பாத்தாவ. "இது யாரு செஞ்சது?"

எட்டுப் பிள்ளையும் என்னைப் பாத்துதுக. நான் தரையைப் பாத்தேன். பிரம்மசக்தி முன்னால வந்தா.

"முந்தி படிச்ச அண்ணன்மாரு செஞ்சது சார். மாதிரிக்கு வச்சிருக்கோம். இதைப் பாத்து நாங்க செய்யணும்."

"அப்படியா? அப்ப எம் முன்னாலேயே ஒண்ணு செய்யி, பாப்போம்"னு நாக்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாவ.

நான் விடுவேனா? "சார், மூணு பேஸ்..."னு ஆரம்பிச்சேன். ஒரு பய சுவிட்சைப் போட்டான், பேஸுக்கு ஒண்ணா லைட்டு மூணும் பளிச்சுன்னு எரியுது. "பெல்ட்டு கொஞ்சம்..."னேன். "புதுசு மாட்டிட்டோம் சார்"னு இன்னொருத்தன். "மோட்டார்ல சந்தேகம்..."னேன். "பிரிச்சுப் பாத்துக் கிரீஸ் வச்சிருக்கோம் சார்." சரி, நம்மகிட்ட இருக்கவே இருக்கு பிரம்மாஸ்திரம்னு, "சக்கு சாவிதான் சார் தொலைஞ்சு போச்சு"ன்னு கையை விரிச்சேன்.

அந்தப் பிள்ளை பையில கையை விட்டு ஒரு சாவியை எடுத்தா அண்ணாச்சி. அரத்தால ராவி ராவி அவளே செஞ்சிருக்கா! முனை அச்சா நாலு மூலையும் கூர்மையா இருக்கு. மேல கைப்பிடி வச்சு வெல்டு பண்ணியிருக்கா.

தளவாய் சார் எந்திரிச்சே நின்னுட்டாவ. "இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தது?"

"எங்க சாருதான்"னா. மொகத்துல ஒரு சிரிப்பு கெடையாது. "ஒரு நாளைக்கு ஒரு கொறை சொல்லுவாவ சார். கரண்டு இல்லேம்பாவ, பெல்ட்டு இல்லேம்பாவ. நாங்களே தேடிப் போயி, கத்துக்கிட்டு வந்து சரி பண்ணணும். கடைசியா சாவியை ஒளிச்சு வச்சுட்டாவ."

ஒளிச்சு வச்சதா! தொலைஞ்சுதுன்னுதான நான் சொன்னேன்? இவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்கு இன்னைக்கும் வெளங்கல. சாவி சாமி ரூம்புல இருக்கும்போதுதான் மிக்சி சரி பண்ண வீட்டுக்கு வந்தா பாத்தியளா, அப்ப எங்க வீட்டுக்காரிகிட்ட ஏதோ பேச்சு நடந்திருக்கு.

தளவாய் சார் ரெண்டு கையாலயும் எங் கையைப் பிடிச்சுக்கிட்டாவ. "எத்தனையோ பள்ளிக்கூடம் பாத்துட்டேன் சார். இப்படி ஒரு பாடத்தை எங்கயும் பாக்கல. பிள்ளைங்க தானாத் தேடிக் கத்துக்கணும்னு எப்படி யோசிச்சிங்க?"

"ரொம்ப வருசமா யோசிச்சது சார்"னேன். பொய்யா? யோசிச்சுக்கிட்டுத்தான இருந்தேன், எப்படி ஓட்ட விடாம வைக்கிறதுன்னு.

"அப்ப நீங்களே தொடங்கி வைங்க"ன்னுட்டாவ.

எல்லாரும் பாக்காவ. பெரிய டீச்சர் வாசல்ல வந்து நிக்காவ. நான் சட்டையை ரெண்டு கையாலயும் பொத்திக்கிட்டேன், பயத்துல இல்ல, சட்டை புதுசு பாத்துக்கிடுங்க. பிரம்மசக்தி பக்கத்துல வந்து, யாருக்கும் கேக்காம, "பச்சை பட்டன் சார். சட்டைக்கு ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லுதா. கண்ணை மூடிக்கிட்டு அமுக்கிட்டேன்.

அண்ணாச்சி, சத்தியமாச் சொல்லுதேன். ம்ம்ம்னு ஒரு சத்தம். இத்தனை வருசம் நான் வாயால குடுத்தேனே, அந்தச் சத்தம் இல்ல. வேற. நெஞ்சுக்குள்ள வந்து நிக்குது. அந்தப் பிள்ளை உளியைக் கொண்டு போயி வச்சா, இரும்பு வாழைப்பூ மடல் மாதிரி சுருண்டு சுருண்டு விழுது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. சந்தோசம்தான், வேற என்ன? நாம வளத்த லேத்துலா.

எல்லாம் பாசு. குரூப்பை மூடல. லேத்தைத் தூக்கல.

பெறவு என்ன கொறைன்னு கேக்கியளா? கொறையே அதுக்கப்புறந்தான். மொதல்ல, இம்புட்டு நல்லாக் கடையிறாளே எங்க படிச்சான்னு விசாரிச்சேன். காயில் கடைக்குப் பக்கத்துல ஒரு லேத் பட்டறை இருக்காம். தெனமும் சாயங்காலம் அங்க போயி நின்னு பழகியிருக்குதுக. எந்தப் பட்டறைங்கிய? நான் ஜாப் வாங்குனேன் பாத்தியளா, அதே பட்டறை! பட்டறைக்காரரு, "ஒங்க சாரு காட்டுற ஜாப்பெல்லாம் நாந்தாம்மா கடைஞ்சு குடுத்தேன்"னு எல்லாத்தையும் சொல்லிட்டாராம். எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு, அதிகாரி முன்னால என்ன அழுத்தமா நின்னிருக்கா பாருங்க. ஒரு வாத்தியாருக்குத் தெரியாம ஒரு விசயத்தை மனசுல வச்சுக்கிடலாமா? இதுதான் நெறியா?

சரி, அதைக் கூட விட்டுட்டேன். பெருந்தன்மை. இப்ப நடக்குறதைத்தான் என்னால தாங்க முடியல.

இந்த வருசம் குரூப்புல இடம் இல்லாமப் பிள்ளைக வரிசையில நிக்கி. பொம்பளைப் பிள்ளைகளே பாதி. காலைல போனா லேத் ஓடுது. மத்தியானம் ஓடுது. பள்ளிக்கூடம் விட்டும் ஓடுது. ஒருநாள் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல், வரல. லேத் கொஞ்ச நேரம் சும்மா கெடந்துது. கெடக்கேன்னு நான் கை வச்சேன். பித்தளைத் துண்டு ஒண்ணு கெடந்துது, அதை மாட்டினேன். பித்தளைச் சீவல் எப்படி வருதுங்கிய? சரிகை மாதிரி! சுடவே இல்ல. பக்கத்துல நின்னு பிரம்மசக்திதான் "பைய சார், பைய சார்"னு சொல்லிக்கிட்டே இருந்தா. ஒரு குங்குமச் சிமிழ் கடைஞ்சேன் அண்ணாச்சி. நான், எங் கையால. வீட்டுக்காரிகிட்டக் கொண்டு போயிக் குடுத்தேன். எங்களுக்குக் கல்யாணம் ஆனதுல இருந்து அவ என்னை அப்படி ஒரு பார்வை பாத்ததே இல்ல. பாத்துட்டு, "மூடி எங்க?"ன்னு கேட்டா.

மூடி கடைய நேரம் இல்ல. பெல்லடிச்சுட்டு, அடுத்த பிள்ளை வந்துட்டு.

அன்னைல இருந்து அந்த மூடிக்கு அலையிறேன். தெனமும் போயி வரிசையில நிக்கேன். நேத்திக்கு ஒரு பொடிப்பய, "சார், நான் மொதல்லயே வந்துட்டேன்"ங்கான். கடலை முட்டாய் குடுத்தேன், வாங்கித் தின்னுட்டு எடத்தை விட மாட்டேங்கான். பிரம்மசக்திகிட்டக் கேட்டேன், அவதான இப்ப அங்க எல்லாம். "ஏட்டி, எனக்கு எப்ப?" அவ என்ன சொல்லுதா தெரியுமா? "பிளஸ் ஒன் பிள்ளைக முடிக்கட்டும் சார். அவுகளுக்குப் பரீட்சை இருக்கு. ஒங்களுக்கு என்ன பரீட்சை?"

எப்படி இருக்கு? யாரு வளத்த லேத் அது? ஒருத்தரைத் தொட விடாம வச்சிருந்தா மனசு என்ன பாடு படும்னு இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியவா செய்யிது?

அதான் கெளம்பிட்டேன். நேரா கல்வி ஆபீசுக்குப் போயி, பெரிய அதிகாரியைப் பாத்து, இன்னொரு லேத் வேணும்னு கேக்கப் போறேன். இது பிள்ளைகளுக்கு இருக்கட்டும். அதுக்குத் தனி ரூம்பு, தனிப் பூட்டு, சாவி எங்கிட்ட. ஒருத்தரும் கிட்ட வரப்பிடாது. எதுக்கு இன்னொண்ணுன்னு அவுக கேப்பாவ, கேக்கத்தான் செய்வாவ. மாணவர் முன்னேற்றத்துக்குன்னு சொல்லிருவேன்.

சிரிக்காதீங்க அண்ணாச்சி. பெறவு, சிமிழுக்கு மூடி கடையணும்னா சொல்ல முடியும்?